மருத்துவக் கழிவு எடுக்கும் வேலையில் அம்மா: கிளவுஸ் மட்டும் போதுமா?

கேட்கப்பட்ட கேள்வி இது: "என் அம்மாவுக்கு 46 வயது. ஒரு தனியார் மருத்துவமனையில் ஹவுஸ்கீப்பிங் கான்ட்ராக்டில் சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. வார்டுகளில் இருக்கும் மஞ்சள், சிவப்புப் பைகளைக் கட்டி எடுத்துக் கீழே கழிவு அறையில் சேர்க்க வேண்டும். கிளவுஸ் கொடுத்திருக்கிறோம், போட்டுக்கொண்டால் ஒன்றும் ஆகாது என்கிறார் சூப்பர்வைசர். உண்மையா? வேலையை விடச் சொல்லலாமா?"

தம்பி, சூப்பர்வைசர் சொன்னது உண்மை இல்லை. ஆனால் அவசரப்பட்டு வேலையை விடச் சொல்ல வேண்டாம். முறையாகச் செய்தால் இது பாதுகாப்பாகச் செய்யக்கூடிய வேலைதான். அந்த முறை உங்கள் அம்மாவின் கையில் மட்டும் இல்லை என்பதுதான் சிக்கல். நான் 20 வருடத்துக்கு மேல் நர்ஸாக இருந்தவள். அதில் பின்பாதி முழுக்கத் தொற்றுக் கட்டுப்பாட்டுப் பிரிவு. யாருக்கு ஊசி குத்தியது, எங்கே, எப்படி என்று பதிவேட்டில் எழுதுவது என் அன்றாட வேலை. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் ஒரு சம்பவம். காலை ஆறரை மணி, நைட் ஷிப்ட் முடிந்து டே ஷிப்ட் ஆட்கள் வரும் நேரம். பெண்கள் வார்டில் மஞ்சள் பை வாய்வரை நிரம்பி வழிந்தது. அதை எடுக்க வந்த வேறொரு அம்மா, பையின் கழுத்தைச் சேர்த்துக் கட்ட முடியாமல், பஞ்சையும் கட்டுத்துணியையும் உள்ளங்கையால் கீழே அழுத்தினார். சுருக்கென்று ஒன்று குத்தியது. கையில் மெல்லிய ரப்பர் கிளவுஸ் இருந்தது. ஊசிக்கு அதுவும் ஒன்றுதான், வெறும் தோலும் ஒன்றுதான். கிளவுஸைக் கழற்றிப் பார்த்தார், ஒரு சொட்டு ரத்தம். யாரும் பார்க்கவில்லை. பக்கத்தில் தரை துடைக்க வைத்திருந்த ஹைப்போ (கிருமி கொல்லும் பிளீச் கரைசல்) வாளிக்குள் கையை விட்டு, விரலைப் பிதுக்கிப் பிதுக்கிக் கழுவினார். பிறகு சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு அடுத்த வார்டுக்குப் போய்விட்டார்.

எனக்கு இது தெரிய வந்தது நான்கு நாள் கழித்து, உடன் வேலை செய்தவர் சொல்லித்தான். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா நாளைக்கு வரவேண்டாம்னு சொல்லிடுவாங்க மேடம்" என்றார். அதற்குள் எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தொடங்க வேண்டிய நேரம் போய்விட்டது. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி நோய்க்கான தடுப்பூசியும் அவருக்குப் போட்டிருக்கவில்லை. நல்ல வேளையாக ஆறு மாதம் கழித்து எடுத்த சோதனையிலும் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த ஆறு மாதமும் அவர் வீட்டில் பேரக்குழந்தையைத் தூக்கவில்லை. தூக்குவதால் எதுவும் ஒட்டாது என்று எத்தனை முறை சொன்னாலும் அவர் மனசு கேட்கவில்லை.

அந்தப் பையைப் பிரித்துப் பார்த்தபோது கிடைத்தது, டிரிப்ஸ் ஏற்றக் கையில் செருகும் கானுலாவின் உள்ளே இருக்குமே, கையில் ஏற்றியதும் உருவிப் போடும் ஊசி, ஸ்டைலெட், அது. அதற்கு உரிய இடம் படுக்கை அருகே இருக்க வேண்டிய வெள்ளை டப்பா. அந்த வார்டில் டப்பா இருந்தது, ஆனால் நர்ஸ் மேசையில், பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி. பத்தடி நடக்க நேரமில்லாமல் பஞ்சோடு சுருட்டி மஞ்சள் பையில் போட்டது எங்கள் ஆட்களில் ஒருவர்தான். இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வருகிறேன். கழிவு எடுப்பவரைக் குத்தும் ஊசி அவர் கையாண்ட ஊசி இல்லை. மேலே ஒருவர் தவறான பையில் போட்ட ஊசி. ஆகவே "ஜாக்கிரதையாக இரு" என்று உங்கள் அம்மாவுக்கு மட்டும் புத்தி சொல்வதில் பாதிப் பயன்கூட இல்லை.

பைகளின் நிறத்தைப் பற்றி நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள். 2016ஆம் ஆண்டு வந்த உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள்தான் இப்போது இந்தியா முழுக்க நடைமுறை. அதன்படி ரத்தம் பட்ட பஞ்சு, கட்டுத்துணி, உடல் பாகங்கள், நஞ்சுக்கொடி, காலாவதியான மருந்து எல்லாம் மஞ்சள். டிரிப்ஸ் குழாய், சிறுநீர்ப் பை, ஊசி நீக்கிய சிரிஞ்சு, கிளவுஸ் மாதிரி பிளாஸ்டிக், ரப்பர் பொருள்கள் சிவப்பு. ஊசி, பிளேடு, கத்தி முனை எல்லாம் குத்தினாலும் துளைபடாத வெள்ளை டப்பா. மருந்துக் குப்பி, கண்ணாடி, உடலுக்குள் பொருத்தும் உலோகப் பொருள்கள் நீல டப்பா. எந்தப் பையும் முக்கால் பாகத்துக்கு மேல் நிரம்பக் கூடாது. இந்த முக்கால் பாகம் என்பது சின்ன விஷயம் மாதிரித் தெரியும். நான் மேலே சொன்ன அம்மா கையால் அழுத்த வேண்டி வந்ததே பை வாய்வரை நிரம்பியதால்தான்.

சரி, குத்தினால் என்ன ஆகும்? மூன்று கிருமிகளைப் பற்றித்தான் கவலை. நோய் இருப்பவரின் ரத்தம் பட்ட ஊசி குத்தினால், தடுப்பூசி போடாத ஒருவருக்கு ஹெபடைடிஸ் பி வர வாய்ப்பு 100க்கு 30 வரை. ஹெபடைடிஸ் சி என்றால் 100க்கு சுமார் 2. எச்.ஐ.வி. என்றால் 1000க்கு 3. இவை உலக சுகாதார நிறுவனம் தரும் கணக்குகள். எல்லோரும் பயப்படுவது எச்.ஐ.வி.க்கு. கழிவு எடுப்பவர் நிஜமாகப் பயப்பட வேண்டியது ஹெபடைடிஸ் பிக்குத்தான். ரத்தம் காய்ந்த பிறகும் அந்த வைரஸ் வெளியே ஏழு நாள் வரை உயிரோடு இருக்கும். ஆக, நேற்று போட்ட ஊசி இன்று குத்தினாலும் ஆபத்து ஆபத்துதான். ஊசியில் எந்த நோயாளியின் ரத்தம் இருந்தது என்பதும் கழிவு எடுப்பவருக்குத் தெரியாது. ஒரு நர்ஸுக்குக் குத்தினால் "ஏழாம் பெட் நோயாளி" என்று சொல்லிவிடலாம், அவருக்குச் சோதனை செய்து பார்க்கலாம். பையில் கிடந்த ஊசிக்கு முகவரி கிடையாது.

இதில் ஆறுதலான விஷயம், அதிகம் பயமுறுத்தும் ஹெபடைடிஸ் பிக்கு நல்ல தடுப்பூசி இருக்கிறது. மூன்று டோஸ். முதல் நாள், ஒரு மாதம் கழித்து, ஆறு மாதம் கழித்து. மூன்றாவது டோஸ் போட்டு ஒன்றிரண்டு மாதத்தில் ஒரு ரத்தச் சோதனை செய்தால் எதிர்ப்பு சக்தி வந்ததா என்று தெரியும். அளவு 10க்கு மேல் இருந்தால் கவலையில்லை. உங்கள் அம்மா சேர்ந்த அன்றே முதல் டோஸ் போட்டிருக்க வேண்டும். மூன்று வாரம் ஆகிவிட்டது, போட்டார்களா? முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

கான்ட்ராக்ட் ஆட்கள் விஷயத்தில் வழக்கமாக நடப்பது என்னவென்றால், முதல் டோஸ் போடுவார்கள், இரண்டாவதும் போடுவார்கள். ஆறாவது மாதத்துக்குள் ஏஜென்சி மாறிவிடும், அல்லது ஆளை வேறு மருத்துவமனைக்கு மாற்றிவிடுவார்கள். மூன்றாவது டோஸ் காற்றோடு போய்விடும். புது இடத்தில் "முதலிலிருந்து போட வேண்டும்" என்று ஒருவர் சொல்வார், "அதான் போட்டாச்சே" என்று இன்னொருவர் சொல்வார். இரண்டும் தவறு. இடைவெளி விழுந்தாலும் விட்ட இடத்திலிருந்து மீதி டோஸைப் போட்டுக்கொண்டால் போதும். அதற்குத் தேதியோடு கூடிய அட்டை அம்மாவின் கையில் இருக்க வேண்டும், ஏஜென்சி ஆபீஸில் அல்ல. டெட்டனஸ் ஊசியும் அப்படியே.

இப்போது, குத்திவிட்டால் என்ன செய்வது என்பதைச் சொல்கிறேன். அம்மாவுக்கு இதை வாசித்துக் காட்டுங்கள். விரலைப் பிதுக்கக் கூடாது. வாயில் வைத்து உறிஞ்சக் கூடாது. ஹைப்போ, ஸ்பிரிட், அயோடின், மஞ்சள் தூள் எதுவும் போடக் கூடாது. பிதுக்குவதும் எரிச்சல் தரும் மருந்தைப் போடுவதும் திசுவைப் புண்ணாக்குமே தவிர கிருமியை வெளியேற்றாது. குழாயைத் திறந்துவிட்டு, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுச் சாதாரணமாகக் கழுவினால் போதும். ரத்தமோ வேறு திரவமோ கண்ணில் தெறித்தால் சுத்தமான தண்ணீரைத் தொடர்ந்து ஊற்றிக் கழுவ வேண்டும், கசக்கக் கூடாது. பிரசவ வார்டில் நஞ்சுக்கொடிப் பையைத் தூக்கும்போது இந்தத் தெறிப்பு அடிக்கடி நடக்கும், பை கனமாக இருக்கும், உள்ளே தண்ணீர் தளும்பும்.

கழுவியதும் நேராகக் கேஷுவல்டி. ஷிப்ட் முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை முடிந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். 72 மணி நேரத்துக்குப் பிறகு தொடங்கிப் பயன் இல்லை. தேவையா இல்லையா என்று மருத்துவர் முடிவு செய்வார். தேவை என்றால் 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். மருத்துவமனையில் மருந்து இல்லை என்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அங்குள்ள ஏ.ஆர்.டி. மையத்துக்கோ (எச்.ஐ.வி. மருந்து தரும் இடம்) போகச் சொல்லுங்கள். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடாதவர் என்றால் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலின் என்ற இன்னொரு ஊசியும் போட வேண்டியிருக்கும், அதை 24 மணி நேரத்துக்குள் போடுவது நல்லது. ஹெபடைடிஸ் சிக்குத் தடுப்பூசி இல்லை, குத்திய பின் தடுக்கும் மருந்தும் இல்லை. ஆனால் இன்று அதை மாத்திரையாலேயே குணமாக்க முடியும். 2018இல் தொடங்கிய தேசிய கல்லீரல் அழற்சித் திட்டத்தில் அந்தச் சிகிச்சை இலவசம். கண்டுபிடித்தால்தானே சிகிச்சை, அதனால் ஆறு வாரம், மூன்று மாதம், ஆறு மாதம் என்று மருத்துவர் சொல்லும் சோதனைகளைத் தவற விடக் கூடாது.

குத்திய அன்றே எடுக்கும் முதல் ரத்தச் சோதனையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். "இன்றைக்கே எடுத்தால் என்ன தெரியும், கிருமி அதற்குள் வந்திருக்காதே" என்று பலர் தட்டிக் கழிப்பார்கள். அந்தச் சோதனையின் பயனே வேறு. விபத்துக்கு முன் இவருக்கு நோய் இல்லை என்பதற்கு அதுதான் சாட்சி. நாளை ஏதாவது வந்தால், "முன்பே இருந்திருக்கும்" என்று நிர்வாகம் கைகழுவ முடியாது. மருத்துவமனை வேலையில் வரும் தொற்று நோயை, 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டமே தன் மூன்றாம் அட்டவணையில் தொழில்சார் நோயாகப் பட்டியலிட்டது. இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டுச் சட்டத்திலும் அதே மாதிரி அட்டவணை இருந்தது, 2025இல் இவற்றின் இடத்துக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அது உண்டு. ஆனால் ஆதாரம் இல்லாமல் சட்டம் மட்டும் இருந்து என்ன செய்ய? விபத்துப் பதிவேட்டில் பெயர், தேதி, நேரம், இடம் எழுதச் சொல்லி, அந்தப் பக்கத்தைப் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

பதிவேடு என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. சில மருத்துவமனைகளில் ஆய்வுக்குப் போகும்போது ஊசிக்குத்துப் பதிவேட்டைக் கேட்பேன். புத்தம் புதிதாக ஒரு நோட்டுப் புத்தகம் வரும், வருடம் முழுக்க ஒரு பதிவும் இருக்காது. "எங்களிடம் விபத்தே இல்லை" என்று பெருமையாகச் சொல்வார்கள். எனக்கு அந்த வெற்றுப் பக்கங்களைப் பார்த்தால்தான் பயம் வரும். நூறு படுக்கை இருக்கும் இடத்தில் வருடம் முழுக்க ஒரு ஊசிகூட யாரையும் குத்தவில்லை என்றால், சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை என்று அர்த்தம். பத்துப் பதிவு இருக்கும் மருத்துவமனையில் நான் தைரியமாக என் தங்கையை வேலைக்குச் சேர்ப்பேன்.

கிளவுஸுக்கு வருகிறேன். ஊசி போடும்போது நர்ஸ்கள் போடும் மெல்லிய கிளவுஸை கழிவு எடுப்பவருக்கும் கொடுத்துவிடுகிறார்கள். அது ஈரத்தைத் தடுக்கும், கூர்முனையைத் தடுக்காது. இந்த வேலைக்கு வேண்டியது முழங்கைக்குக் கிட்டே வரும் தடித்த ரப்பர் கிளவுஸ். அதுவும் ஊசியை முழுக்க நிறுத்திவிடும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் உடைந்த மருந்துக் குப்பியின் கீறலைத் தடுக்கும், ஊசியின் வேகத்தைக் குறைக்கும். அப்புறம் பிளாஸ்டிக் ஏப்ரன், முகக் கவசம், கண்ணுக்குக் கண்ணாடி. எல்லோரும் மறப்பது பாதத்தை. பெரும்பாலான அம்மாக்கள் ரப்பர் செருப்போடுதான் கழிவு அறைக்குள் போகிறார்கள். தரையில் கிடக்கும் ஊசி செருப்பைத் துளைத்து ஏறுவதை நான் பார்த்திருக்கிறேன். மூடிய ஷூ, முடிந்தால் கம்பூட், கேட்டு வாங்க வேண்டும். ஆண்களின் அளவில்தான் இருக்கிறது என்று எட்டாம் நம்பர் பூட்ஸைக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லி மாற்றச் சொல்லுங்கள். பெரிய பூட்ஸோடு படி இறங்கி விழுந்தவர்களும் என் பதிவேட்டில் இருக்கிறார்கள்.

பையை எடுக்கும் விதமும் முக்கியம். கழுத்தைப் பிடித்துத்தான் தூக்க வேண்டும். அடியில் கை கொடுக்கக் கூடாது. உடம்போடு அணைத்துக்கொள்ளக் கூடாது, தொடையில் உரச விடவும் கூடாது. தோளில் போட்டுக்கொள்வதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கையால் அழுத்துவது, ஒரு பையில் இருப்பதை இன்னொன்றில் கொட்டுவது, உள்ளே கைவிட்டுத் தேடுவது மூன்றும் ஆகாது. மூடி வைத்த தள்ளுவண்டி இருந்தால் இதில் பாதிப் பிரச்சினை தீரும், முதுகும் தப்பிக்கும். மூன்று மாடிக்கு ஒரு நாளைக்குப் பத்து நடை என்றால், ஊசி குத்தாவிட்டாலும் ஐந்து வருடத்தில் இடுப்பு போய்விடும். இடுப்பு வலியை யாரும் விபத்தாக எழுதுவதில்லை. இந்த வேலையை விட்டுப் போனவர்களில் அதிகம் பேர் அதனால்தான் போனார்கள் என்பது நான் கண்ணால் பார்த்தது.

ரசாயனமும் ஒரு பக்கம் இருக்கிறது. ஹைப்போ கரைசலையும் கழிவறை கழுவும் ஆசிட்டையும் ஒரே வாளியில் கலந்துவிட்டால் குளோரின் வாயு கிளம்பும். அடைத்த கழிவறைக்குள் அது மூச்சுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். "இரண்டையும் சேர்த்தால் நன்றாகப் பளிச்சென்று ஆகும்" என்று பழைய ஆட்களே புது ஆட்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள், அதுதான் கொடுமை. சிறுநீர்ப் பையைக் கொட்டிய இடத்தில் ஹைப்போவை அப்படியே ஊற்றினாலும் கண்ணும் தொண்டையும் எரியும் வாயு வரும், முதலில் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். புற்றுநோய் வார்டாக இருந்தால் கீமோ மருந்து பட்ட குழாய்கள், பாட்டில்கள் தனி முத்திரை போட்ட மஞ்சள் பையில் வர வேண்டும். அதை எடுக்க இரண்டு அடுக்குக் கிளவுஸ் வேண்டும், கர்ப்பிணிகள் தொடவே கூடாது. அந்த நோயாளிகளின் வாந்தி, சிறுநீரிலும் மருந்து இரண்டு நாள் வரை இருக்கும் என்பதை யாரும் துடைக்க வருபவரிடம் சொல்வதில்லை.

காற்றில் வரும் ஆபத்தைப் பற்றி ஒரு வெளிநாட்டு நிகழ்ச்சி சொல்கிறேன். அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தில் மார்ட்டன் என்ற சிற்றூரில் ஒரு மருத்துவக் கழிவுச் சுத்திகரிப்பு ஆலை இருந்தது. 1997இல் அங்கே வேலை செய்தவர்களில் மூன்று பேருக்குக் காசநோய் வந்தது. விசாரித்தபோது, ஆய்வகங்களிலிருந்து வந்த காசநோய்க் கிருமி வளர்த்த கழிவு, கிருமி நீக்கப்படும் முன்பே அரவை இயந்திரத்தில் அரைக்கப்பட்டது தெரிய வந்தது. அரைக்கும்போது கிருமி காற்றில் பறந்திருக்கிறது. நோயாளியைப் பார்க்காமலேயே கழிவிலிருந்து காசநோய் வரலாம் என்று உலகத்துக்குக் காட்டிய சம்பவம் அது. அதனால்தான் நம் விதிகளும் ஆய்வகக் கழிவை மருத்துவமனையிலேயே கிருமி நீக்கிய பிறகுதான் வெளியே அனுப்பச் சொல்கின்றன. உங்கள் அம்மா லேபிலிருந்து பை எடுக்கிறார் என்றால், அது ஆட்டோகிளேவ் ஆனதா, அதாவது நீராவியில் கிருமி நீக்கியதா என்று கேட்டுவிட்டு எடுக்கட்டும். கேட்பதில் தவறே இல்லை.

கழிவு அறையும் இங்கே வரும். உடல் பாகங்கள், ரத்தம் பட்ட பஞ்சு, கட்டுத்துணி மாதிரிக் கழிவு 48 மணி நேரத்துக்கு மேல் அங்கே தங்கக் கூடாது. வண்டி வராத நாளில் அந்த அறையிலிருந்து ஒழுகும் தண்ணீர் படி வரை வரும். ஒரு இடத்தில், அந்த அறைக்கு வெளியே இருந்த திண்ணையில்தான் ஹவுஸ்கீப்பிங் பெண்கள் டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஏன் இங்கே என்றால், "வேற எங்கயும் உக்கார விடமாட்டாங்க" என்றார்கள். மருத்துவமனையையே சுத்தமாக வைத்திருப்பவர்கள் உட்கார்ந்து சாப்பிட ஒரு நாற்காலி இல்லை. இந்த வேலைக்கு எந்தச் சமூகங்களிலிருந்து ஆட்கள் வருகிறார்கள் என்பதும், அவர்கள் எங்கே உட்காரலாம் என்பதும் நம் ஊரில் தனித்தனி விஷயங்கள் இல்லை. அம்மா எங்கே சாப்பிடுகிறார் என்று கேளுங்கள். கை கழுவச் சோப்பும், உடை மாற்ற ஓர் அறையும் இருக்கிறதா என்று கேளுங்கள். வேலை உடையை வீட்டுக்குக் கொண்டுவந்து மற்ற துணிகளோடு துவைப்பதாக இருந்தால் அதை உடனே நிறுத்தி, தனியாகத் துவைக்க வேண்டும். சரியாகப் பார்த்தால் அதை மருத்துவமனையே துவைத்துத் தர வேண்டும்.

இன்னொன்றையும் நேராகச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். டிரிப்ஸ் பாட்டில், சிரிஞ்சு இவற்றைப் பொறுக்கி எடுத்துப் பழைய பிளாஸ்டிக் கடையில் போடும் பழக்கம் பல இடங்களில் உண்டு. சில நேரம் சூப்பர்வைசரே செய்யச் சொல்வார். அதற்காகப் பைக்குள் கைவிடும்போதுதான் அதிகம் குத்துகிறது. 2009இல் குஜராத்தில் மோடாசா என்ற ஊரில் சுமார் 240 பேருக்கு ஹெபடைடிஸ் பி பரவியது, பயன்படுத்திய சிரிஞ்சுகளை மறுபடி பயன்படுத்தியதால். பயன்படுத்திய சிரிஞ்சுகள் கழிவிலிருந்து வெளியே எடுத்து விற்கப்பட்ட கதையும் அப்போது வெளிவந்தது. கிலோவுக்குச் சில ரூபாய்க்காக இதைச் செய்யும் அளவுக்குத்தான் சம்பளம் கொடுக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். அதனால் பொறுக்குபவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் உங்கள் அம்மாவை யார் செய்யச் சொன்னாலும் செய்ய வேண்டாம்.

"அவர் எங்கள் ஊழியர் இல்லை, ஏஜென்சி ஆள்" என்று மருத்துவமனை சொன்னால், அது எடுபடாது. 2016 விதிகள் மருத்துவமனையின் கடமைகளைச் சொல்லும்போது, ஊழியர்களோடு கழிவைக் கையாளும் மற்றவர்களையும் சேர்த்தே சொல்கின்றன. அவர்களுக்கு வேலையில் சேரும்போதும் பிறகு வருடத்துக்கு ஒரு முறையும் பயிற்சி, அதேபோல உடல் பரிசோதனை, ஹெபடைடிஸ் பி மற்றும் டெட்டனஸ் தடுப்பூசி, பாதுகாப்பு உடை எல்லாம் தர வேண்டியது மருத்துவமனை. ஊசிக்குத்து உட்பட விபத்துகளைப் பதிவு செய்வதும் அதன் கடமை. 2017இன் எச்.ஐ.வி. தடுப்புச் சட்டமும், தொற்று ஆபத்து உள்ள இடத்தில் வேலை செய்யும் எல்லோருக்கும் பயிற்சியும் குத்திய பின் தரும் தடுப்பு மருந்தும் தரச் சொல்கிறது. கேட்டும் கிடைக்கவில்லை என்றால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கலாம், கலெக்டர் தலைமையிலான மாவட்டக் கண்காணிப்புக் குழுவுக்கும் அனுப்பலாம். அம்மா பெயரில்தான் எழுத வேண்டும் என்பதில்லை, நீங்கள் எழுதலாம். ஆனால் முதல் வேலையாக அங்கே போக வேண்டாம். பல மருத்துவமனைகளில் தொற்றுக் கட்டுப்பாட்டு நர்ஸ் என்று ஒருவர் இருப்பார். பெரும்பாலும் அவர் உங்கள் அம்மா பக்கம்தான் நிற்பார், அவருக்கு மேலே சொல்ல ஒரு காரணம் கிடைத்தால் போதும்.

சம்பளச் சீட்டையும் ஒரு முறை பாருங்கள். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் என்றால் இ.எஸ்.ஐ.யில் சேர்த்திருக்க வேண்டும். சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடித்திருப்பார்கள். பிடித்திருந்தும் இ.எஸ்.ஐ. எண் கொடுக்கவில்லை என்றால் விடாமல் கேட்டு வாங்குங்கள். விபத்து நடந்த பிறகு எண் தேடி அலைவது பெரிய பாடு.

மருத்துவமனைக்கு வெளியே இருப்பவர்களையும் விட்டுவிடக் கூடாது. பைகளை வண்டியில் ஏற்றுபவர், எரிஉலையில் போடுபவர், சாம்பலை வாருபவர் எல்லோருக்கும் இதே ஆபத்துதான், கூடவே வெப்பமும் புகையும். 2024 டிசம்பரில் கேரளாவிலிருந்து வந்த மருத்துவக் கழிவைத் திருநெல்வேலி பக்கம் நடுக்கல்லூர், கொடகநல்லூர் கிராமங்களில் கொட்டிவிட்டுப் போனார்கள். பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்ட பிறகு கேரள அரசே ஆட்களை அனுப்பி அள்ளிக்கொண்டு போனது. செய்தி முழுக்க இரு மாநிலச் சண்டையாகவே இருந்தது. எனக்கு அப்போது ஓடிய எண்ணம், அதை லாரியில் ஏற்றியவர், இறக்கியவர், திரும்ப அள்ளியவர் இத்தனை பேருக்கும் தடுப்பூசி போட்டிருந்ததா என்பதுதான்.

உங்கள் வீட்டிலும் சர்க்கரைக்கு இன்சுலின் போடுபவர் யாராவது இருப்பார்கள். அந்த ஊசியையும் சர்க்கரை பார்க்கும் லான்செட்டையும் குப்பைக் கூடையில் போட்டால், மாநகராட்சிக் குப்பையைப் பிரிக்கும் இன்னொரு அம்மாவின் கையில்தான் ஏறும். கெட்டியான பிளாஸ்டிக் பாட்டிலில் சேர்த்து, மூடியை இறுக்கி, மேலே "ஊசி" என்று எழுதித் தனியாகக் கொடுங்கள்.

கடைசியாக, வேலையை விடச் சொல்லலாமா என்று கேட்டீர்களே. இந்த வாரம் அம்மா மூன்று விஷயம் கேட்கட்டும்: தடுப்பூசி, தடித்த கிளவுஸும் மூடிய ஷூவும், ஊசி குத்தினால் யாரிடம் போக வேண்டும் என்ற பெயரும் போன் நம்பரும். தனியாகக் கேட்காமல் கூட வேலை செய்யும் நான்கைந்து பேர் சேர்ந்து கேட்டால் இன்னும் நல்லது. கேட்டவுடன் முகம் சுளித்தாலும் பரவாயில்லை, ஒரு மாதத்துக்குள் செய்துகொடுத்தால் அங்கேயே இருக்கலாம். "இஷ்டம் இருந்தால் இரு, இல்லாவிட்டால் போ" என்று பதில் வந்தால், வேறு இடம் பார்க்கச் சொல்வேன். தடுப்பூசிக்கு மட்டும் அவர்களுக்காகக் காத்திருக்க வேண்டாம். நாளைக்கே வெளியில் காசு கொடுத்தாவது முதல் டோஸைப் போட்டு, பில்லையும் அட்டையையும் பத்திரமாக வைத்திருங்கள். பணத்தை மருத்துவமனையிடம் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.